முப்பத்தியோராம் வரிசை

கொட்டாஞ்சேனையில் நள்ளிரவு தாண்டி ஒரு மணி.
துறைமுகப் பக்கம் ஒரு கப்பல்
கம்மிய குரலில் ஊதுகிறது.
மூன்றாம் மாடியில் நானும்
ஆறிப்போன பிளேன்ரீயும்
ஓர் அட்டவணையும்.

அட்டவணைக்குள் ஆட்கள் இருக்கிறார்கள்.
பச்சைக் கோடு இனோக்கா,
நீர்கொழும்பு மீன் ஆலையில் இரவு வேலை.
ஊதா, றிஸ்மினா.
டோஹாவில் பிள்ளையை நித்திரையாக்கிவிட்டு வந்திருக்கிறாள்.
செம்மஞ்சள், ரொட்டர்டாமில் பிரணவரூபன்;
அவனுக்கு இன்னும் நேற்று முடியவில்லை.
சாம்பல் நிறம் மரியதாஸ், பேசாலை.
பேசாலைக்காரர் என்னோடு பேசுவதில்லை.

போன வருடம் வரைக்கும்
கோப்புகளை அனுப்பிக்கொண்டிருந்தோம்.
'இறுதி'.
பிறகு 'இறுதி இரண்டு'.
'இதுதான் இறுதி'.
'மரியதாஸ் பார்த்த இறுதி'.
ஆளுக்கொரு இறுதி.

நான் திறந்தது இரண்டாவதை.
அதிலே அந்தக் குளிர்ப்பெட்டிக்கு
மின் இணைப்பு வேண்டாம் என்றிருந்தது.
துறைமுகத்து வெயிலில் மூன்று நாள் நின்றது
பதினொரு தொன் அறக்குளா.
கதவைத் திறந்தவன் சொன்ன சொல்லை
இங்கே எழுத ஏலாது.
அன்று மாலை தொலைபேசியில் அவர் கத்தினார்,
நானும் கத்தினேன்,
யாருடைய இறுதி சரியென்று.

அதன் பிறகு ஐந்து ஊருக்கும் ஒரே தாள்.
அவருக்கும் எனக்கும் இடையில்
ஒரு கட்டத்தின் அகலம்.

இன்றைக்குப் பதினாலு பெட்டி.
நாலு மணிக்குப் பட்டியலை மூடிவிடுவார்கள்.
முப்பத்தியோராம் வரிசையில்
'மின் இணைப்பு: பார்க்க' என்று தட்டும்போது
கரண்ட் போனது.

ஜிந்துப்பிட்டி வரைக்கும் இருட்டு.
மழை மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது.
போனில் ஒரு புள்ளி சிக்னல்,
வட்டம் சுற்றிச் சுற்றிக் களைத்து நின்றது.
அவர்கள் தாளில் இப்போது என்ன தெரியும்?
என் நீலக்கோடு அந்த முடியாத சொல்லில்
கொஞ்சநேரம் துடித்திருக்கும்,
பிறகு இல்லாமல் போயிருக்கும்.

ஐம்பது நிமிடம்.

வெளிச்சம் வந்தபோது
என் அரைச் சொல்லுக்கு வால் முளைத்திருந்தது.
ஓரத்தில் இனோக்கா, சிங்களத்தில்:
ஏற்றும்போது கழித்தல் பதினெட்டு, நானே பார்த்தேன்.
அதைத் தமிழாக்கிவிட்டுக் கீழே றிஸ்மினா:
'துறைமுகத்து ஃபோர்மனை எழுப்பியாச்சு.
டோஹாவிலிருந்து ஏச்சு வாங்குவது
அவருக்கு இதுதான் முதல்தரமாம்.'
பிரணவரூபன் வரிசை முழுக்க மஞ்சள் பூசியிருந்தான்:
'கொழும்பு இருட்டு. ஒருத்தரும் இதை மூடாதீங்கோ.'

பழைய பதிப்புகளைத் திறந்தேன்.
1.52, மரியதாஸ்.
பெட்டி இலக்கத்தின் கடைசியில்
நான் ஆறு என்று போட்டிருந்ததை
ஒன்பதாக்கியிருந்தார்.
குறிப்பில்லை. ஆச்சரியக்குறியும் இல்லை.
அந்த ஆறோடு போயிருந்தால்
வேறு யாருடையதோ பெட்டி குளிர்ந்திருக்கும்,
அவருடையது மறுபடியும் வெயிலில்.

சாம்பல் கோடு இன்னும் அங்கேயே நிற்கிறது,
ஒன்பதுக்குப் பக்கத்தில்.
நித்திரையோ காவலோ.

பக்கத்துக் காலிக் கட்டத்தில்
'நன்றி அண்ணை' என்று எழுதினேன்.
இலக்கம், எடை, வெப்பநிலை, வாயில் என்று
நிரல்கள் போகின்றன,
இதற்கென்று ஒன்றில்லை.
அழித்தேன்.

ஆனால் இந்தத் தாள்
அழித்ததையும் வைத்துக்கொள்கிற தாள்.
2.31, கொழும்பு, எழுதியது.
2.31, கொழும்பு, எடுத்தது.
தேடினால் கிடைக்கும்.

சாம்பல் கோடு அசைந்து
முப்பத்திரண்டுக்கு இறங்கியது.
நானும் இறங்கினேன்.